1970 செவெல்லுக்குப் புது இன்ஜின் வைக்கலாமா?

கேள்வி: மிச்சிகன் மாநிலம் டிராயில் இருக்கிறேன். போன வருடம் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் 1970 செவர்லே செவெல் மாலிபு வாங்கினேன். இரண்டு கதவு, 307 கன அங்குல வி8 இன்ஜின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. உட்வர்ட் அவென்யூவில் நெரிசலில் ஊர்ந்தால் ஹீட் ஆகிறது. ஐ-75 ஹைவேயில் 70 மைல் வேகத்தில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "307-ல் 200 குதிரைத்திறன்தான், தூக்கிப் போடுங்கள், செவர்லேயின் பிந்தைய வி8 ஆன 5.3 லிட்டர் எல்எஸ் வைத்துத் தருகிறோம், 285 கிடைக்கும், 9,500 டாலர்" என்கிறார்கள். கார் கிளப்பில் உள்ளவர்கள் அசல் இன்ஜினைத் தொடவே கூடாது என்கிறார்கள். கையில் 12,000 டாலர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போக வேண்டும், வருடத்துக்கு ஓரிரு முறை மேக்கினா பாலம் வரை போய்வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய நான்கு குறைகளில் மூன்றுக்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம். நான்காவது அந்த ஆயில் லைட். இன்ஜினின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே ஒருவர் 9,500 டாலருக்கு விலை சொல்லியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஹீட். ஊர்ந்து போகும்போது மட்டும் முள் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டால் குறை தண்ணீர் ஓட்டத்தில் இல்லை, காற்று ஓட்டத்தில். ஹைவேயில் ஹீட் ஆகியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், டைமிங் என்று தேடச் சொல்லியிருப்பேன். நீங்கள் அனுப்பிய இன்ஜின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றி வரும் அந்தக் கூடு, உங்கள் காரில் இல்லை. யாரோ எப்போதோ தண்ணீர் பம்ப் மாற்றும்போது கழற்றிவிட்டுத் திரும்பப் போடவில்லை. அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் ரேடியேட்டர் வழியாக காற்றை இழுக்காமல் பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். 1970 செவெல்லுக்கு ஷ்ரவுட் புதிதாகவே கிடைக்கிறது. ஃபேன் கிளட்ச் (ஃபேனைத் தேவைக்கேற்ப வேகமாகச் சுற்ற வைக்கும் இணைப்பு) இருந்தால் ஃபேனைச் சூடான நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள் (இன்ஜினை நிறுத்திய பிறகு). எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றினால் அதையும் மாற்றுங்கள்.

நீலப் புகை. ஸ்டார்ட் செய்ததும் வந்து உடனே நின்றுவிடும் புகைக்கு முதல் சந்தேகம் வால்வ் சீல் மேல்தான், பிஸ்டன் ரிங் மேல் இல்லை. உங்கள் 307 சேர்ந்த, அந்தக் காலத்து செவர்லே ஸ்மால் பிளாக் வி8 குடும்பத்தில் வால்வ் தண்டைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் வளையம்தான் சீல். ஐம்பது வருடத்தில் அது காய்ந்து கல்லாகி, எடுக்கும்போது பிளாஸ்டிக் மாதிரி உடைந்து வரும். இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் எரிகிறது. இதற்கு ஹெட்டைக் கழற்றக்கூட வேண்டாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாக சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்தால் வால்வ் கீழே விழாமல் நிற்கும், ஸ்பிரிங்கைக் கழற்றி சீலை மாற்றிவிடலாம். அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை. பயணம் முழுக்கப் புகைந்தால், அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது புகைந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஹைவே இரைச்சலுக்கு இன்ஜின் மேல் பழி போடாதீர்கள். அது கியர்பாக்ஸின் குறை. பவர்கிளைட்டில் இரண்டே கியர். மேல் கியரில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கார்டன் ஷாஃப்ட்டும், அதாவது பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீண்ட தண்டும், ஒரு சுற்று. பின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.36, டயர் உயரம் 26 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,040 சுற்று சுற்றும். மேக்கினா வரை ஏறக்குறைய நாலு மணி நேரம் அப்படியே. எந்த இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தாலும், பின்னால் இதே கியர்பாக்ஸ் இருந்தால் இதே இரைச்சல்தான். ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் மேல் கியர்) உள்ள நாலு கியர் ஆட்டோமேட்டிக் வைத்தால் அதே வேகத்தில் இரண்டாயிரத்தை ஒட்டி வந்துவிடும். கார் வேறு காராகிவிடும்.

இதற்கு செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) 200-4ஆர் கியர்பாக்ஸைத்தான் நான் பரிந்துரைப்பேன். உங்கள் 307-ன் பின்னால் அப்படியே போல்ட் ஆகும். நீளமும் பவர்கிளைட்டை ஒட்டியே இருப்பதால் கார்டன் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னால் தள்ள வேண்டும். 700ஆர்4-ம் நல்ல பெட்டிதான். ஆனால் அது நீளம், ஷாஃப்ட்டைக் குறைத்தாக வேண்டும். இரண்டிலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு டிவி கேபிள் என்று ஒன்று போகும். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப உள்ளே ஆயில் அழுத்தத்தைக் கூட்டுவது அதுதான். அதன் இழுப்பு சரியில்லாவிட்டால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, சில நூறு மைலிலேயே கருகிவிடும். கார்புரேட்டரில் அந்தக் கேபிள் மாட்டும் இடத்தின் கோணம் முக்கியம், அதற்கென்றே தனி பிராக்கெட் விற்கிறார்கள். கண் மதிப்பில் கட்டிவிடாமல், பிரஷர் கேஜ் மாட்டி செட் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அதைச் செய்ய மறுக்கும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது ஆயில் லைட்டுக்கு வருவோம். டாஷ்போர்டில் இருப்பது வெறும் விளக்கு, அளவு சொல்லாது. சென்ஸரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு, அது இன்றும் சரி. 2,000 சுற்றில் 20-க்கு மேல், ஐடிலில் பத்தை ஒட்டி இருந்தால் சென்ஸரை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

குறைவாக இருந்தாலும் உடனே பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வருடங்களில் ஜிஎம் தன் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் கியரின் பற்களுக்கு நைலான் போட்டது, சத்தம் குறைவதற்காக. வயதானால் அந்த நைலான் பற்கள் உடைந்து, துண்டு துண்டாக ஆயில் சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டில், விழும். பம்ப் ஆயில் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிரஷர் இறங்கும். சம்ப்பைக் கழற்றினால் மங்கிய வெள்ளையிலோ பழுப்பிலோ நகத்துண்டு அளவில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் டைமிங் செயின் செட், ஆயில் பம்ப் இரண்டையும் மாற்ற வேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது, செயின் தாண்டிக் குதித்தால் நடுவழியில் நின்றுவிடுவீர்கள். சம்ப் கழற்றியிருக்கும்போதே ஒரு மெயின் பேரிங்கையும் ஒரு ராட் பேரிங்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால், சரி, இந்த இன்ஜினின் காலம் முடிந்தது.

கூடவே லீக் டவுன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றை ஏற்றி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. பத்துக்குள் இருந்தால் அருமை, இருபது வரை ஓட்டலாம், முப்பதைத் தொட்டால் வேலை இருக்கிறது. காற்று எங்கே சீறுகிறது என்றும் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், சைலன்ஸர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். இந்த இரண்டு சோதனைக்கும் ஆகும் செலவு, அந்த 9,500-க்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அடுத்தது கிளப்காரர்கள் சொல்வது. அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே விதி இல்லை. உங்கள் காரில் இருப்பது பிறந்தபோதே வைத்த இன்ஜின்தானா என்று முதலில் பாருங்கள். இன்ஜினின் முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்து ஹெட்டுக்குக் கீழே, ஆல்டர்னேட்டர், பிராக்கெட் எல்லாம் மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், தட்டையாகச் சீவிய சின்ன மேடை இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். தயாரித்த தேதியும் இன்ஜின் வகையைச் சொல்லும் எழுத்துகளும் ஒரு வரிசையில், உங்கள் காரின் சேஸிஸ் எண்ணின் கடைசிப் பகுதி இன்னொரு வரிசையில் குத்தியிருக்கும். பொருந்தினால் அது அசல். கம்பியால் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து அழிந்தால் சாட்சியம் போய்விடும்.

1970-ல் செவெல்லின் சேஸிஸ் எண்ணை மட்டும் வைத்து அது எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற அதிக சக்தி வகை) காரா, சாதாரண மாலிபுவா என்று சொல்ல முடியாது. 13637 என்று தொடங்கினால் 'மாலிபு, வி8, இரண்டு கதவு ஹார்ட்டாப்' என்பதோடு நின்றுவிடும். எஸ்எஸ் என்பது கூடுதல் பேக்கேஜாகத்தான் விற்கப்பட்டது. அதனால் இன்ஜினில் உள்ள எண் பொருந்தாவிட்டால், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்தில் ஃபேக்டரி தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். பல கார்களில் இன்னும் இருக்கிறது. 454 என்ற பெரிய இன்ஜின் அதில் இருந்தால் உடனே எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், அது முற்றிலும் வேறு கணக்கு. எண் பொருந்தி 307 என்றே தெரிந்தால், அது குடும்பங்கள் கடைக்கும் சர்ச்சுக்கும் ஓட்டிய மாலிபு. அதில் இன்ஜினை மாற்றினால் சரித்திரம் ஒன்றும் அழிந்துவிடாது.

மசில் கார், அதாவது நடுத்தரக் காரில் பெரிய இன்ஜின் வைத்த கார், என்ற இனமே இன்ஜின் மாற்றத்தில் பிறந்ததுதானே. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜிஎம் தனக்குத்தானே விதி வைத்திருந்தபோது, ஜான் டிலோரியன் தலைமையில் ஜிஎம்மின் பான்டியாக் பிரிவுப் பொறியாளர்கள் பெரிய காரின் 389-ஐ டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் வைத்தார்கள். 1964-ல் ஜிடிஓ வந்த கதை அது. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் டான் யென்கோ என்ற டீலர், 1967-லேயே புத்தம்புது கமாரோவின் இன்ஜினை இறக்கிவிட்டு 427-ஐ ஏற்றி விற்றார். இன்று அந்தக் கார்களைத்தான் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

அதனால் எல்எஸ் என்றாலே எனக்கு ஒவ்வாது என்று நினைக்க வேண்டாம். அருமையான இன்ஜின் குடும்பம் அது. 1997 கார்வெட்டில் எல்எஸ்1 வந்தது, 1999-லிருந்து அதே அமைப்பில் 4.8, 5.3, 6.0 லிட்டர் இன்ஜின்கள் செவர்லே பிக்கப்களில் லட்சக்கணக்கில் வந்தன. மிச்சிகன் ஜனவரிக் குளிரிலும் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும், ரோலர் கேம், சிலிண்டருக்கு ஒரு காயில், ஒழுக்கு குறைவு. குதிரைத்திறன் கணக்கிலும் அந்த ஒர்க்‌ஷாப் வித்தியாசத்தைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது. உங்கள் 307-ன் 200 என்பது கிராஸ் கணக்கு. ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் எதுவும் இல்லாமல் சோதனை மேடையில் எடுத்தது. காரில் இருக்கும் நிலையில் அளக்கும் நெட் கணக்குக்கு 1972-ல் மாறியபோது, 307-க்குப் போட்ட எண் 130. கம்ப்ரஷனும் இடையில் கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் பெரும் பங்கு அளக்கும் முறையால் வந்த இறக்கம். பிக்கப்பின் 285 நெட் கணக்கு. அதாவது இப்போது இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியை, நான்கு டிரம் பிரேக் மட்டும் உள்ள காரில் ஏற்றப் போகிறார்கள். அந்த 9,500-ல் பிரேக் இருக்கிறதா?

இன்னும் என்னென்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். எல்எஸ்ஸுக்குப் பெட்ரோல் 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வர வேண்டும், உங்கள் கார்புரேட்டருக்கு ஆறோ ஏழோதான். ஆக, டேங்குக்குள் பம்ப், புது லைன், ரெகுலேட்டர். பிக்கப்பின் ஆயில் சம்ப் ஆழம் அதிகம், செவெல்லின் முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், வேறு சம்ப் வேண்டும். பிக்கப்பில் ஏசி கம்ப்ரஸர் கீழே தாழ்வாக இருக்கும், இங்கே சேஸிஸில் முட்டும், ஒன்று அதை மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சேஸிஸை வெட்ட வேண்டும். வெட்ட விடாதீர்கள். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்புப் பூட்டை நீக்கி எழுத வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும். ஸ்பீடாமீட்டர் கேபிளில் ஓடுகிறது, புதுக் கியர்பாக்ஸ் மின்சார சிக்னல் கொடுக்கும். எக்ஸாஸ்ட், மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ், வயரிங்... ஒவ்வொன்றும் சின்னச் செலவு, கூட்டினால் இன்ஜின் விலையைத் தாண்டிவிடும். பழைய பிக்கப்பிலிருந்து எடுத்த 5.3 பெரும்பாலும் ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. அந்த விலைதான் எல்லோரையும் ஆசை காட்டி இழுக்கிறது.

இந்த வேலையில் பாதியை நீங்களே ஒரு குளிர்காலம் முழுக்க கராஜில் செய்வதாக இருந்தால், அல்லது வருடம் எட்டாயிரம், பத்தாயிரம் மைல் ஓட்டுபவராக இருந்தால், 5.3-ஐயும் அதே வண்டியின் 4எல்60இ கியர்பாக்ஸையும், கம்ப்யூட்டர், வயரிங்கோடு ஒரே செட்டாக வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். சேஸிஸ் எண்ணில் எட்டாவது எழுத்து T என்று இருக்கும் பிக்கப்பைத் தேடச் சொல்லியிருப்பேன், ஓடும்போது சில சிலிண்டர்களைத் தானே நிறுத்தும் பிந்தைய 5.3-ஐத் தவிர்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எல்லா வேலையும் கூலிக்குத்தான். 12,000-ல் அரைகுறையாக நிற்கும் எல்எஸ் வேலையைவிட வருத்தமான காட்சி ஒரு ஷெட்டில் இல்லை.

ஆகவே என் வரிசை இது. முதலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் சரியாக இருக்கிறதா என்ற சோதனை, எல்லா ரப்பர் ஹோஸும் புதிது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஐ-75-ல் போகிற காருக்கு இதைவிட அவசரம் எதுவும் இல்லை. பெட்ரோல் ஹோஸ்களையும் அப்போதே மாற்றுங்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். அப்புறம் ஷ்ரவுட், வால்வ் சீல். அடுத்து 200-4ஆர். பேரிங் நன்றாக இருந்தால் இத்தோடு நின்றுவிடுங்கள், 307 இன்னும் பல வருடம் ஓடும். பவர் குறைவுதான், ஆனால் நீங்கள் பவர் கேட்டு எழுதவில்லை.

பேரிங் போயிருந்தால் 307-ஐ ரீபில்ட் செய்யாதீர்கள். அதன் போர் (சிலிண்டரின் விட்டம்) 3.875 அங்குலம்தான், ஆகும் கூலி ஒன்றே, கிடைக்கும் பலன் குறைவு. ரீபில்ட் செய்த 350 ஒன்று வாங்குங்கள். அதே மவுண்ட், அதே ஃபேன், அதே எக்ஸாஸ்ட் போல்ட், முன்பே வைத்த 200-4ஆர் அப்படியே பொருந்தும், போட்ட பணம் வீணாகாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இன்ஜின் மாறியதே தெரியாது. கழற்றிய 307-ஐப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, ஸ்டாண்டில் ஏற்றி கராஜ் மூலையில் வையுங்கள். நாளைக்கு விற்கும்போது "அசல் இன்ஜினும் உண்டு" என்று சொல்வதற்கு விலை உண்டு.

புகைச் சோதனையைப் பற்றிக் கவலை வேண்டாம், மிச்சிகனில் தனியார் கார்களுக்கு அது கிடையாது. நம்பர் பிளேட்டை மட்டும் பாருங்கள். ஹிஸ்டாரிக் பிளேட் மாட்டியிருந்தால் கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு போக வேண்டுமென்றால் சாதாரண பிளேட் வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்பு (காரின் விலையை முன்பே பேசி எழுதிக்கொள்வது) என்ற வகையில் எடுத்து, இன்ஜினோ கியர்பாக்ஸோ மாறினால் ரசீதோடு அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

கேஜில் வந்த பிரஷரை ஐடிலிலும் 2,000 சுற்றிலும் குறித்து, எட்டு சிலிண்டருக்கும் லீக் டவுன் எண்களைத் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். சம்ப் கழற்றினால் பேரிங்கைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், ஃபிளாஷ் அடித்தால் செம்பு நிறம் சரியாகத் தெரியாது. பார்த்துவிட்டு 307-ஆ 350-ஆ என்று சொல்கிறேன். அதுவரை அந்த ஒர்க்‌ஷாப்புக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.